மூடுபனியும் ஒளிர்சாயத் தகடும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேச வல்லோர் பலர் அமர்ந்திருக்கும் இம்மேடையில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடும் பதிவேடுமாகக் காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தாவை விஞ்ஞானம் பேச அழைத்தது உங்கள் பெருந்தன்மை. நான் பிழைப்பது பாலக்காட்டில் என்றாலும் பிறந்து வளர்ந்தது இச்சித்திரபுரத்தில். பள்ளிவாசல் மின்நிலையத்திற்கு மலைச்சரிவில் இறங்கும் நீர்க்குழாய்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குச் சென்றவன். அந்த உரிமையில் பேசத் துணிகிறேன்.

என் பேச்சுக்குக் காரணமாக இருந்தவள் இந்தக் காலனியிலேயே வாழும் என் தங்கை மகள். பதினோராம் வகுப்பு மாணவி. பள்ளியின் விஞ்ஞானப் பொருட்காட்சிக்காக அவள் ஒரு கருவி செய்தாள். கருவி என்பது பெரிய சொல். பெயர்ப்பலகை செய்யும் கடையில் வெட்டி எறிந்த ஆரஞ்சு நிற அக்ரிலிக் துண்டு ஒன்று. பழைய கால்குலேட்டர் ஒன்றிலிருந்து கழற்றிய சிறிய சூரிய மின்கலப் பட்டை ஒன்று. பட்டையைத் தகட்டின் ஓரத்தில் ஒட்டி, மற்ற மூன்று ஓரங்களிலும் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை ஒட்டினாள். பட்டையிலிருந்து இரண்டு கம்பிகள் வேறொரு கால்குலேட்டருக்குச் சென்றன. அதன் சொந்த மின்கலத்தைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளிருந்த பொத்தான் பாட்டரியையும் எடுத்துவிட்டாள். அன்று காலை பத்து மணிக்கு, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனியில், தகட்டை முற்றத்தில் வைத்தாள். கால்குலேட்டரில் எண் தெரிந்தது.

பொருட்காட்சியில் அதைப் பார்வையிட்ட ஒருவர் கேட்டாராம்: “கூரைமேல் வைக்கும் சாதாரண சூரியத் தகடே மலிவாகக் கிடைக்கிறதே அம்மா, இந்தப் பிளாஸ்டிக் எதற்கு?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. பரிசு போனதில் அவளுக்கு வருத்தமில்லை. பதில் தெரியாமற் போனதில்தான் வருத்தம். “மாமா, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கள்” என்று தகட்டை என்னிடம் கொடுத்தனுப்பினாள். நான் செய்த காரியத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கேள்வி ஒரு மாணவியின் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. நம் சங்கத்தின் நூல்நிலையக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கச் செயற்குழு எண்ணியிருப்பதும், “ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊரில் இது வீண் செலவு” என்று சிலர் தடுத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் நம் காலடியில் ஓடத் தொடங்கியது. மின்சாரம் பிறக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு, பெருமழை நாட்களில் நாம் மெழுகுவர்த்தி தேடுகிறோம். மரம் விழுந்தால் கம்பி அறும். கம்பி அறுந்தால் தொலைபேசியும் உயிர்விடும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடி எழுபது பேரைக் கொண்டு சென்றபோது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தபடியால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அவர்கள் நம் உறவினர். இந்த அவையில் அவர்களுக்காக அழுதவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மூடுபனியிலும் மழையிலும் கிடைக்கும் அந்த மங்கிய வெளிச்சத்திலிருந்து ஒரு விளக்குக்கும் ஒரு தொலைபேசிக்கும் வேண்டிய சக்தியைச் சேமித்து வைக்க இயலுமா என்பது நமக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று.

முதலில் ஒளிர்சாயம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். பிள்ளைகளின் பையில் ஆரஞ்சு அல்லது பச்சை நிற அடிக்கோல் இருக்கும். அதன் முகம் சாதாரணமாகத் தோன்ற, ஓரம் மட்டும் விளக்கேற்றியது போல் எரியும். பாடப்புத்தகத்தில் முக்கிய வரிகளின்மேல் பூசும் மஞ்சள் பேனாவும் அதே இனம். எங்கள் ரயில்வேயில் தண்டவாளத் தொழிலாளர் அணியும் ஆரஞ்சு மேலங்கியைப் பார்த்திருப்பீர்கள். இருட்டில் அது தானே ஒளிரும் என்று பலர் எண்ணுவர். அது தவறு. இரவில் மின்னுவது அதன்மேல் தைத்த வெள்ளிப் பட்டை. அது என்ஜின் விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆரஞ்சுத் துணியின் வேலை விடியற்காலையிலும் அந்தியிலும் மூடுபனியிலும்தான். அந்நேரங்களில் வரும் மங்கிய ஒளியில் இருக்கும் நீலத்தையும் பச்சையையும் அது விழுங்கி, ஆரஞ்சாக்கி உமிழ்கிறது. தன்மேல் விழும் ஆரஞ்சு ஒளியோடு தான் ஆக்கிய ஆரஞ்சு ஒளியையும் சேர்த்து அனுப்புவதால்தான் சுற்றியிருக்கும் பொருள்களைவிட அது பிரகாசமாகத் தெரிகிறது.

தாய்மார்கள் இதை வேறு வழியில் அறிவார்கள். துணி வெளுக்கும் சோப்புத்தூளில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை விழுங்கி நீல ஒளி தரும் சாயம் கலந்திருக்கிறது. வேட்டி வெயிலில் ‘பளிச்’ என்பது அதனால். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்ததே, அதற்குக் காரணமான ரோடமின்-பி என்னும் இளஞ்சிவப்புச் சாயமும் இந்த இனந்தான். துணிக்கும் காகிதத்திற்கும் உரிய அது வயிற்றுக்கு உரியதன்று. அதன் உடன்பிறப்பான ரோடமின்-6ஜி என்பதைத்தான் சூரிய ஆராய்ச்சியாளர் தொடக்க காலத்தில் தகடுகளில் கலந்து பார்த்தனர். ஒரே குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவன் ஊரைக் கெடுக்க, மற்றொருவன் ஆராய்ச்சிக்கூடத்தில் உழைப்பது நாம் காணாத காட்சியா?

நம் மலைக்கும் இந்தச் செய்திக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வேரூன்றுமுன் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தார்கள். சின்கோனாப் பட்டையிலிருந்து எடுப்பது கொய்னா. மலைக் காய்ச்சலுக்கு நம் பாட்டனார்கள் விழுங்கிய அந்தக் கசப்பு மருந்தை நீரில் கரைத்து வெயிலில் பிடித்தால், நிறமற்ற அந்நீரின் மேற்பரப்பில் ஒரு நீலப் பொலிவு தோன்றும். 1845-இல் ஜான் ஹெர்ஷல் இதைக் குறித்து வைத்தார். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் காரணத்தைக் கண்டார். சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் வானவில்லாகப் பிரித்து, கொய்னாக் கரைசலை ஒவ்வொரு நிறத்திலும் நகர்த்தினார். சிவப்பிலும் பச்சையிலும் ஒன்றுமில்லை. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இருட்டுப் பகுதியில் வைத்தபோது கரைசல் நீலமாக எரிந்தது! விழுங்குவது வலிமை மிக்க ஒளி. உமிழ்வது அதைவிட வலிமை குறைந்த ஒளி. இடையில் குறைந்த சக்தி வெப்பமாகப் போய்விடுகிறது. இது ஸ்டோக்ஸ் விதி எனப்படும். நீரிழிவுக்காரர்கள் நீர் ஊற்றி வைத்துக் குடிக்கும் வேங்கை மரக் குவளை உங்கள் வீட்டில் இருந்தால், அந்நீரையும் வெயிலில் பக்கவாட்டில் பாருங்கள்; அதே நீலச் சாயலைக் காண்பீர்கள்.

பாலக்காட்டில் வேலை செய்பவன் என்ற முறையில் இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் விட என் மனம் இடம் தரவில்லை. கல்பாத்தியில் 1893 பிப்ரவரி 28-ஆம் நாள் பிறந்து, பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவர் கே. ஆர். இராமநாதன். அவர் கல்கத்தாவில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி செய்தபோது, 1923-இல், சூரிய ஒளியை நிற வடிகட்டியின் வழியே திரவங்களில் செலுத்திப் பார்த்தார். சிதறிய ஒளியில், இருக்கக்கூடாத நிறத்தின் மெல்லிய சாயல் ஒன்று தெரிந்தது. திரவத்தில் அழுக்கு கலந்து ஒளிர்கிறது போலும் என்று எண்ணி, மீண்டும் மீண்டும் தூய்மை செய்தார். சாயல் போகவில்லை. ‘மெல்லிய ஒளிர்வு’ என்று அதற்குப் பெயரிட்டு வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928-இல், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து இராமன் ஆராய்ந்தபோது அது ஒளிர்வே அன்று, ஒளி மூலக்கூறுகளில் மோதி நிறம் மாறும் புதியதொரு நிகழ்ச்சி என்று தெளிந்தது. 1930-இல் நோபல் பரிசு வந்த கதை ஊரறிந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்தவரும், கல்பாத்திக்காரரும், வத்திராயிருப்புக்காரரும் பிழைப்பும் கல்வியும் தேடிப் போன ஊரில் கூடிச் செய்த காரியம் அது. புலம்பெயர்ந்தோர் சங்கத்தில் இதைச் சொல்வது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இனி தகட்டுக்கு வருவோம்.

அக்ரிலிக் போன்ற தெளிந்த பொருளில் ஒளிர்சாயத்தைக் கலந்து தகடாக வார்க்கிறார்கள். வெயில் அதன் முகத்தில் விழுகிறது. உள்ளே இருக்கும் சாய மூலக்கூறு ஒளியை விழுங்கி, வேறு நிறத்தில், எல்லாத் திசைகளிலும் உமிழ்கிறது. இங்கேதான் வித்தை. தகட்டுக்குள் பிறந்த ஒளி, மேற்பரப்பைச் செங்குத்தாகவோ ஏறக்குறைய செங்குத்தாகவோ சென்று தொட்டால் வெளியே தப்பிவிடும். சற்றுச் சாய்ந்து தொட்டால், கிணற்றுச் சுவரில் பட்ட பந்து போல உள்ளேயே திரும்பிவிடும். அக்ரிலிக் தகட்டில் இந்தச் சாய்வின் எல்லை ஏறக்குறைய 42 பாகை. கணக்கிட்டுப் பார்த்தால், பிறந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு தப்பி ஓட, மூன்று பங்கு சிறைப்படுகிறது. சிறைப்பட்ட ஒளி மேலும் கீழும் துள்ளித் துள்ளி ஓரத்தை அடைகிறது. அடிக்கோலின் ஓரம் எரிவதற்குக் காரணம் இதுவே. அந்த ஓரத்தில் மட்டும் மெல்லிய மின்கலப் பட்டையை ஒட்டினால் மின்சாரம் கிடைக்கும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரைச் சென்டிமீட்டர் கனமுள்ள தகட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முகம் 10,000 சதுரச் சென்டிமீட்டர். நான்கு ஓரங்களும் சேர்ந்து 200 சதுரச் சென்டிமீட்டர்தான். ஐம்பதில் ஒரு பங்கு மின்கலம் போதும் என்றாகிறது! 1976-இல் வெபர், லாம்ப் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளரும், 1977-இல் ஜெர்மனியில் கெட்ஸ்பெர்கர், கிராய்பெல் என்னும் இருவரும் இதை எழுதியபோது உலகம் வியந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அப்போது சிலிக்கன் மின்கலம் பொன்போன்ற பொருள். 1977-இல் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 76 டாலர் விலை. ஐம்பதில் ஒரு பங்கு போதும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பின்னாளில் வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற அகமது ஜவேல் என்னும் எகிப்தியரும் அக்காலத்தில் கலிபோர்னியாவில் தம் மாணவரோடு இத்தகடுகளை அளந்தார்.

விலைக்கு அப்பால், நம் ஊருக்கே உரிய ஒரு நன்மையும் இதில் இருக்கிறது. ஒளியைக் குவிக்க வேறு வழிகளும் உண்டு. திருமலை தேவஸ்தானத்தில் பெரிய கண்ணாடி வட்டில்களால் வெயிலைக் குவித்து, நீராவி ஆக்கி, அடியார்களுக்கு அன்னம் சமைக்கும் ஏற்பாட்டை 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமைத்தார்கள். அந்த வட்டில் சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். வானம் தெளிந்திருக்க வேண்டும். மேகம் மறைத்தால் வட்டில் சும்மா நிற்கும். ஏனெனில் ஒரே திசையிலிருந்து வரும் ஒளியைத்தான் கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் குவிக்க வல்லவை. மூடுபனியில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. நிழல்கூட விழாத வெளிச்சம் அது. அதைக் கண்ணாடி கொண்டு குவிப்பது, சந்தைக் கூட்டத்தை ஒரே வாசல் வழியாக வெளியேற்ற முயல்வது போன்றது.

ஒளிர்சாயத் தகட்டுக்கு ஒளி எத்திசையிலிருந்து வந்தது என்ற கவலையே இல்லை. எப்படி வந்தாலும் விழுங்கும். விழுங்கியபின் பழைய திசை மறந்துபோகும். கண்ணாடியால் ஆகாதது சாயத்தால் எப்படி ஆகிறது என்று கேட்கலாம். சாயம் கூலி வாங்கிக்கொண்டு செய்கிறது! ஸ்டோக்ஸ் கண்ட அந்தச் சக்தி இழப்புத்தான் கூலி. நிறம் மாறிய ஒளியை அதே சாயம் எளிதில் மீண்டும் விழுங்காது. ஆகவே அது சிறையிலிருந்தபடியே ஓரம் வரை செல்கிறது. என் மருமகளின் கால்குலேட்டரில் மூடுபனிக்குள் எண் தெரிந்தது இதனால்தான்.

இவ்வளவு நல்ல தகடு ஏன் நம் கூரைகளுக்கு வரவில்லை?

முதற்காரணம், “எளிதில் விழுங்காது” என்றேனே, “ஒருபோதும் விழுங்காது” என்று சொல்லவில்லை. சாயம் விழுங்கும் நிறமும் உமிழும் நிறமும் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆகவே ஒரு மூலக்கூறு உமிழ்ந்ததை வழியில் மற்றொரு மூலக்கூறு விழுங்கி மறுபடி உமிழ்கிறது. மறுபடி உமிழும்போதெல்லாம் நான்கில் ஒரு பங்கு வெளியே தப்புகிறது. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த நிலையங்களில் ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்குச் சரக்கு மாற்றும்போதெல்லாம் ஓட்டுக் கட்டில் நாலு உடையும், சர்க்கரை மூட்டையில் ஒரு படி சிந்தும் என்று எங்கள் மூத்த குமாஸ்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தகடு பெரிதாக ஆக, மாற்றும் நிலையங்கள் பெருகும். ஓரத்தில் வந்து சேரும் சரக்கு குறையும். ஐம்பது மடங்கு என்பது காகிதத்தில் நின்றுபோனது. 2008-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர் இருவகைச் சாயம் கலந்த தகட்டில் 7.1 சதவீதத் திறனை எட்டினர். அத்தகடு 5 சென்டிமீட்டர் சதுரம். நம் உள்ளங்கையைவிடச் சிறியது. ஓரத்தில் ஒட்டியதும் விலை மிகுந்த காலியம் ஆர்சனைடு மின்கலம். இன்று கடையில் கிடைக்கும் சிலிக்கன் தகடோ 20 சதவீதத்திற்கு மேல் தருகிறது.

இரண்டாவது காரணத்தை நான் என் கையாலேயே கண்டேன். இப்போது அந்த வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தங்கை மகள் கொடுத்தனுப்பிய தகட்டைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய், அலுவலகத்தில் இரண்டொருவரிடம் காட்டினேன். பிறகு குவார்ட்டர்ஸில் மேற்குப் பார்த்த ஜன்னல் விளிம்பில் வைத்தேன். வைத்தவன் மறந்தேன். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, பாலக்காட்டுக் கணவாயின் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் எடுத்துப் பார்த்தபோது, வெயில் பட்ட பக்கம் பழைய சேலை போல வெளுத்திருந்தது. ஓரத்தில் இருந்த அந்தத் தணல் அவிந்துவிட்டது. கம்பியை மாட்டினேன், கால்குலேட்டர் கண் திறக்கவில்லை. அவள் கேட்ட பதிலையும் தேடவில்லை, அவள் தந்த பொருளையும் கெடுத்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது. இன்று நான் பேசுவதெல்லாம் அப்போது படித்ததே.

சூரிய ஒளியை விழுங்கி வாழும் சாயத்தைச் சூரிய ஒளியே கொல்கிறது. ஒவ்வொரு முறை ஒளியை விழுங்கும்போதும் மூலக்கூறு ஒரு கொதிநிலைக்குச் செல்கிறது. கோடி முறை பத்திரமாக இறங்கி வந்தாலும் ஒருமுறை பிராணவாயுவோடு கூடி உடைந்துவிடுகிறது. உடைந்த மூலக்கூறு பிறகு ஒளிராது. பெயர்ப்பலகைத் தகடுகளின் சாயமும் ரோடமின் சாயமும் இவ்வகையில் மெலிந்தவை. பெரிலீன் என்னும் வேறொரு குடும்பத்துச் சாயங்கள், மோட்டார் கார்களின் சிவப்பு வண்ணத்திற்குப் பயன்படும் உறுதியான நிறமிகளின் உறவினர், எவ்வளவோ மேல். அவை வெயிலில் ஆண்டுக்கணக்கில் தாங்குவன. இருந்தாலும் கூரைத் தகட்டிற்கு இருபத்தைந்து ஆண்டு உறுதி தருகிற சிலிக்கனோடு கரிமச் சாயம் வயதில் போட்டியிடுவது கடினம்.

மூன்றாவது காரணம் வியாபாரம். 76 டாலர் விற்ற வாட்டு இன்று அரை டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. மின்கலத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த தகடு, மிச்சம் பிடிக்கத் தேவையே இல்லாத காலத்தில் வந்து நிற்கிறது. தன் காலத்தைத் தவறவிட்ட ரயில் என்று சொல்லலாமோ? அப்படியும் முழுவதும் சொல்ல இயலாது.

ஏனெனில் கரிய சிலிக்கன் தகடு போக முடியாத இடங்கள் பல இருக்கின்றன. ஜன்னலுக்குக் கரும்பலகை பொருத்தினால் வீடு இருளும். நிறமுள்ள ஒளிர்தகடு ஜன்னலாகவும் நிற்கும், ஓரத்தில் மின்சாரமும் தரும். 2015-இல் நெதர்லாந்தில் டென் பாஸ் நகருக்கு அருகே, நெடுஞ்சாலையின் இரைச்சல் வீடுகளை அடையாமல் தடுக்கும் சுவரில் இத்தகைய வண்ணத் தகடுகளைப் பொருத்தி, ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் சோதித்தனர். அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்த காரணம் கவனிக்கத்தக்கது: சாலை எத்திசையில் போகிறதோ அத்திசையில்தான் சுவர் நிற்கும், சூரியனுக்காக அதைத் திருப்ப முடியாது. திசை பாராத தகட்டுக்கு அது ஏற்ற இடம். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சுவரை நினைத்தாலே காது குளிர்கிறது.

அதே பல்கலைக்கழகத்தார் 2016-இல் இலை வடிவில் ஒரு சிறு தகடு செய்தனர். ஒளிர்சாயம் கலந்த சிலிக்கோன் ரப்பர். அதன் உள்ளே இலை நரம்பு போல் நுண்ணிய வாய்க்கால்கள். வாய்க்காலில் ஓடும் திரவத்தில், மருந்து செய்வதற்கு வேண்டிய ரசாயன மாற்றம் ஒளியால் நடைபெறுகிறது. தகடு சேர்த்த ஒளி ஓரத்துக்குப் போகாமல் வாய்க்காலில் பாய்கிறது. மின்கலமே தேவையில்லை. மேகம் மூடிய நாளில் சோதித்தபோதும், சாயமில்லாத தகட்டைவிட விளைவு 40 சதவீதம் மிகுதியாக இருந்ததாம். இதைப் படித்தபோது நான் நினைத்தது ஆரஞ்சுத் தகட்டை முற்றத்துப் பனியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைத்தான்.

ஆகவே அவளுக்கு நான் தரும் பதில் இது. உன்னிடம் கேட்டவர் கேட்டது நியாயமான கேள்வி. கூரைமேல் வைத்து வாட்டுக்கு விலை பார்த்தால் சாதாரணத் தகடே வெல்லும், அதை ஒப்புக்கொள். ஆனால் உன் தகடு செய்தது வேறு வேலை. திசையற்ற பனி ஒளியை, சூரியனைத் தேடித் திரும்பாமல், ஒரு மெல்லிய ஓரத்தில் கூட்டிக் காட்டியது. கண்ணாடி வட்டில் அதைச் செய்யாது. சாயத்தின் ஆயுளை நீட்டவும், விழுங்கும் நிறத்தையும் உமிழும் நிறத்தையும் விலக்கி வைக்கவும் வழி தேடுவோர் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள், வேலை முடிந்துவிடவில்லை.

செயற்குழுவுக்கும் ஒரு வார்த்தை. நூல்நிலையக் கூரைக்கு ஒளிர்சாயத் தகட்டை நான் பரிந்துரைக்கவில்லை. சாதாரண சிலிக்கன் தகடே வாங்குங்கள். “பனியில் அது வேலை செய்யாது” என்பது முழு உண்மையன்று; அதுவும் குவிக்காத தகடுதான், சிதறிய ஒளியையும் ஏற்கும். வெயில் நாளில் தருவதில் ஒரு பகுதியைத்தான் மூடிய நாளில் தரும் என்பதை மறவாமல், விற்பவர் சொல்லும் வெயில் கணக்கை நம்பி அளவைக் குறைக்காமல், நமக்கு வேண்டியதைவிடப் பெரிதாகத் தகடும், இரண்டு மூன்று நாள் தாங்கும் பாட்டரியும் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் மின்விசிறியும் தொலைக்காட்சியும் அதில் ஓட்ட வேண்டாம். நான்கு விளக்கும், காலனி முழுமைக்கும் தொலைபேசிக்குச் சக்தியேற்றும் ஒரு பலகையும் என்று வரையறை செய்தால் போதும். கடும் மழை இரவில் யாரேனும் நூல்நிலையத்துக்கு ஓடிவந்தால் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும். வெளியூருக்குச் செய்தி சொல்ல ஒரு தொலைபேசி உயிரோடு இருக்க வேண்டும்.

நான் கெடுத்த தகட்டுக்கு ஈடாக, பாலக்காட்டில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் கெஞ்சி வாங்கிய புதிய துண்டு ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். தங்கை மகள் நேற்றிரவே அதில் பட்டையை ஒட்டிவிட்டாள். மண்டபத்தின் வெளிவாசலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து மேசையில், வெளுத்துப்போன பழைய தகட்டையும் புதிய தகட்டையும் அருகருகே வைத்திருக்கிறோம். இப்போது வெளியே நல்ல பனி. எதில் எண் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பந்திக்குப் போகலாம். சிறுவர்கள் தகட்டின் முகத்தில் விரல் வைக்காதீர்கள். ஓரத்தை மறைத்துக்கொண்டும் நிற்காதீர்கள்.